ரத்தத்திலேயே இருக்கிறதா?

"உங்க பக்கத்துப் பசங்க இப்படித்தான் சார். ஒரு இடத்துல உக்கார மாட்டாங்க. ரத்தத்துலயே வர்றது."

என் அக்கா மகன் மூன்றாம் வகுப்பு படித்தபோது அவனுடைய ஆசிரியர் என்னிடம் சொன்னது இது. எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். "அவனுக்கு ஒண்ணும் இல்லக்கா. சின்னப் புள்ள துள்ளத்தான் செய்யும். அந்தாளுக்குத்தான் சாதிப் புத்தி" என்று அக்காவிடம் சொன்னேன். நான் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாய்ப் போனது. தோழர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த வருடம் முழுக்க அவன் அடி வாங்கினான். வகுப்புக்கு வெளியே முட்டி போட்டான். ஒருநாள் வண்டி வருவதைப் பார்க்காமல் சாலையில் ஓடி, நூலிழையில் தப்பினான். அன்று ராத்திரி அவனை அதட்டியபோது, "உக்காரணும்னுதான் மாமா நெனைக்கிறேன், முடியல" என்று அழுதான். மறுவாரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

டாக்டர் அவசரப்படவில்லை. வீட்டில் எப்படி, பள்ளியில் எப்படி என்று தனித்தனியாகக் கேட்டார். ஓரிடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். கடைசியில், "குடும்பத்துல வேற யாராவது இப்படி இருந்தாங்களா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பியும் இப்படித்தான் இருந்தான் டாக்டர்."

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி., என்று டாக்டர் சொன்னார். மரபுவழியாக வரக்கூடியது என்றும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே குழப்பம். ஆசிரியர் 'ரத்தம்' என்றார். டாக்டர் 'மரபு' என்றார். இரண்டும் ஒன்றுதானா? அப்படியானால் நான் போட்ட சண்டைக்கு என்ன அர்த்தம்? அதற்கு விடை தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

டாக்டர் சொன்னது உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்தக் குறைபாட்டின் மரபுவழித் தாக்கம் சுமார் 74 விழுக்காடு. ஆனால் இந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். ஆய்வுக்கு உட்பட்ட மக்களுக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

1969-இல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சன், கறுப்பினப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் குறைவாக இருப்பதற்கு மரபணுவும் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். மரபியலாளர் ரிச்சர்ட் லெவொண்டின் அடுத்த ஆண்டே ஒரு விதை உதாரணத்தால் பதில் சொன்னார். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கைப்பிடி விதை எடுத்து, ஒன்றை நல்ல மண்ணிலும் மற்றதைச் சத்தில்லாத மண்ணிலும் விதையுங்கள். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிகளின் உயரம் வேறுபடுவதற்கு விதைதான் காரணம். இரண்டு பாத்திகளுக்கும் இடையிலான உயர வேறுபாட்டுக்கு மண்தான் காரணம். நம் ஊரில் வயல் பார்த்த யாருக்கும் இது புரியும்.

ஏ.டி.எச்.டி.க்கும் இது பொருந்தும். டோபமைன் ஏற்பிகளில் ஒன்றான டி.ஆர்.டி.4 மரபணுவின் ஒரு வடிவம் இந்தக் குறைபாட்டோடு சிறிய அளவில் தொடர்புடையது என்று 1990-களிலேயே பேசப்பட்டது. அந்த வடிவம் தென் அமெரிக்கப் பழங்குடிகளிடம் மிக அதிகம், கிழக்காசியாவிலும் தெற்காசியாவிலும் மிகக் குறைவு. மரபணு மட்டுமே தீர்மானிக்குமானால் ஏ.டி.எச்.டி.யும் கண்டத்துக்குக் கண்டம் அதே அளவுக்கு மாற வேண்டும். ஆனால் உலகெங்கும் நடந்த ஆய்வுகளை 2007-இல் தொகுத்துப் பார்த்தபோது சராசரி சுமார் 5.3 விழுக்காடு வந்தது. ஆய்வுக்கு ஆய்வு இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதிக்குக் காரணம், குறைபாட்டைக் கணக்கிட்ட முறைதான்.

கென்யாவின் அரியால் மக்களிடம் நடந்து 2008-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றும் உண்டு. அந்த மரபணு வடிவம் உள்ளவர்களில் மந்தையோடு அலைந்து வாழ்ந்தவர்கள் நல்ல உடல்நிலையில் இருந்தார்கள். ஊரில் நிலையாகக் குடியேறியவர்கள் மெலிந்திருந்தார்கள். அதே மரபணு, வேறு வாழ்க்கை, வேறு விளைவு.

2023-இல் வெளியான பெரிய ஆய்வு, ஏ.டி.எச்.டி. உள்ள 38,691 பேரின் மரபணுக்களைப் பார்த்து 27 இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறிது. அதில் பங்கேற்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் பிள்ளைகளைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமையில்லை.

சாதிக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இந்தியாவில் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை வெவ்வேறு மக்கள் பரவலாகக் கலந்தார்கள், பிறகு அந்தக் கலப்பு நின்று அகமணம் இறுகியது என்று 2013-இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916-இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சொல்லிவிட்டார். சுவர் எப்போது எழுப்பப்பட்டது என்பதற்கு மரபணுவில் தடயம் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் தாழ்ந்தவன் என்பதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை.

ஆகவே ஆசிரியர் சொன்னது பொய். ஆனால் "ஒண்ணும் இல்ல" என்று நான் சொன்னதும் பொய். அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு உறைத்தது. எட்டாம் வகுப்புவரை பின்தொடர்ந்ததில், ஒரே மாதிரி நடத்தையும் பின்னணியும் உள்ள வெள்ளைப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்படும் வாய்ப்பு விகிதம் 69 விழுக்காடு குறைவு. அதாவது, ஒருவன் பிள்ளைக்கு டாக்டர், இன்னொருவன் பிள்ளைக்குத் தண்டனை. நம் ஊரிலும் எனக்கு நடந்தது அதுதான். என்னை முட்டி போட வைத்தவர்களில் ஒருவர்கூட என்னை டாக்டரிடம் காட்டச் சொன்னதில்லை.

மாலைநேர வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். 'சேரிப் பிள்ளைகள் இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் எதிர்த்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையை ஒருமுறை நிதானமாகக் கவனியுங்கள். வீட்டிலும் வகுப்பிலும் மாதக்கணக்கில் தவிக்கிறதென்றால் தாயோடு அரசு மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். நம் சுயமரியாதைக்காகச் சண்டை போடுகிறோம் என்று நினைத்து, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையை நாமே தடுத்துவிடக் கூடாது.

மருமகன் இப்போது ஆறாம் வகுப்பு. டாக்டர் சொன்ன மருந்தும் பயிற்சியும் தொடர்கின்றன. புதிய பள்ளியில் அவனுக்கு முதல் பெஞ்சில் இடம் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம், "மாமா, ஒனக்கும் இது இருக்காமே, நீ ஏன் மாத்திர போடல?" என்று கேட்டான்.

எங்க காலத்துல எங்களுக்கு அடி மட்டும்தாண்டா கொடுத்தாங்க என்றேன்.

ஜெய்பீம்.