மூடினேன், மூடியிருந்தேன்



ஆங்கிலத்தில் நான்கு வரி பிழையின்றி எழுதுதல் எளிதன்று. அதிலும் வினைச்சொல்லின் காலமும், எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தமும் நம்மவரைப் பெரிதும் அலைக்கழிப்பன. "கருத்து விளங்கினாற் போதாதோ? காலம் சற்றே பிறழ்ந்தால் குடி முழுகிவிடுமோ?" என்று நாமும் பல்லாண்டு எண்ணியிருந்தோம். நம் பேனா முனையில் ஓர் ஏழைத் தொழிலாளியின் ஊதிய உயர்வு முழுகிய பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று. அதனை ஒளிக்காமல் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினோம். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானமையால் இருப்புப்பாதையில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தரானோம். விந்தியத்திற்கு வடக்கே ஓர் ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறோம். எங்கள் குடியிருப்பில் உள்ள சில தமிழ்க் குடும்பத்தார், விடுப்பு விண்ணப்பமோ மாறுதல் விண்ணப்பமோ எதுவாயினும் நம் வீட்டு வாயிலுக்கே வருவர். அதில் நமக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

மூன்று ஆண்டுகட்கு முன் ஒரு மாலை, ஊருக்கு வெளியே லெவல் கிராசிங்கில் பணிபுரிந்த கேட் கீப்பர் வந்தார். சேலத்துப் பக்கத்தவர், ஓய்வு பெற மூன்றாண்டே இருந்தவர். இந்தி பேசுவார், எழுத அறியார். கையில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பு இருந்தது. வண்டி வரும் நேரத்தில் லாரி ஒன்று கேட்டில் மோதித் தடுப்புக் கம்பத்தை முறித்துவிட்டது. அவர் உரிய நேரத்தில் கேட்டை மூடவில்லை என்பது குற்றச்சாட்டு. பத்து நாளுக்குள் மறுமொழி தரல் வேண்டும்.

"தம்பி, லாரி வந்தபோது நான் கேட்டை மூடியிருந்தேன். மூடி நாலு நிமிஷம் ஆகியிருந்தது. ரெண்டு டிராக்டர் வெளியே காத்துக்கொண்டு நின்றது. அந்த லாரிக்காரன் அவற்றைத் தாண்டிக்கொண்டு வந்து இடித்தான். இதை எழுதிக் கொடுத்தால் போதும்" என்றார்.

அரை மணியில் எழுதிக் கொடுத்தோம். "வென் தி லாரி கேம், ஐ க்ளோஸ்டு தி கேட்" என்பது அதில் ஒரு வரி. "தி டிராக்டர்ஸ் வாஸ் வெயிட்டிங்" என்பது மற்றொரு வரி. நான்கு நிமிடக் கணக்கை எழுத மறந்தோம். அவர் நம்மை நம்பித் தமிழிற் கையொப்பமிட்டார்.

சில வாரம் கழித்து ஆணை வந்தது: ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். லாரி வந்த பிறகே கேட்டை மூடியதாக அவரே ஒப்புக்கொண்டார் என்பது அதில் கண்ட காரணம். டிராக்டர்கள் என்ற சொல்லின் அருகே, "ஒன்றா, பலவா?" என்று யாரோ பென்சிலால் குறித்திருந்ததையும் பின்னர்க் கண்டோம். கேட் முன்னரே மூடியிருந்தது என்பதற்கு அந்த டிராக்டர்களே சான்று. அச்சான்றையும் நம் பிழை ஐயத்திற்கு இடமாக்கிவிட்டது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் நகலை எங்கள் பிரிவுத் தலைவரிடம் காட்டினோம். அவர் தமிழர் அல்லர். படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த மனிதர் தம் மொழியில் என்ன சொன்னார்? மூடினேன் என்றாரா, அதற்கு முன்பே மூடிவிட்டிருந்தேன் என்றாரா?"

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'மூடியிருந்தேன்' என்றுதான் அவர் சொன்னார். அந்த 'இருந்தேன்' எனும் வால் நம் காதில் விழுந்தது, கையில் ஏறவில்லை. 'லாரி வந்தபோது மூடினேன்' என்றால் லாரி முந்தியது. 'லாரி வந்தபோது மூடியிருந்தேன்' என்றால் கேட் முந்தியது. 'ஐ ஹேட் க்ளோஸ்டு' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. ஒரு 'ஹேட்' விடுபட்டதால் குற்றமற்றவர் குற்றவாளியானார்.

எழுவாய்ப் பொருத்தத்திலும் பிழையின் வேர் இத்தகையதே. நல்ல தமிழில் 'டிராக்டர்கள் நின்றன' என்போம். பேச்சில் 'ரெண்டு டிராக்டர் நின்றது' என்று ஒருமையாற் கூறிவிடுகிறோம். 'மாடுகள் மேயுது', 'பெட்டிகள் வந்தது' என்பனவும் அவ்வாறே. அந்தப் பேச்சு வழக்கம் ஆங்கிலத்திற் புகுந்து 'வாஸ்' ஆகிறது. நன்னூலார் வழு ஏழு என்று வகுத்தார். அவற்றுள் பால் வழுவும் உண்டு, கால வழுவும் உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்தோம், பயன் அறிந்தோமில்லை. இன்னும் புறப்படாதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்பதை விரைவு பற்றிய கால வழுவமைதி என்று தமிழிலக்கணம் ஏற்கும். அலுவலகக் கடிதத்தில் ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

பிரிவுத் தலைவரின் உதவியோடு மேல்முறையீடு எழுதினோம். 1968-ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி அதற்கு 45 நாள் தவணை உண்டு. கேட்டை மூடியதும் நிலைய அதிகாரிக்குத் தொலைபேசியில் ஒரு தனி எண் கூறுவது அத்தகைய கேட்டுகளில் முறை. அவ்வெண்ணும் நேரமும் பதிவேட்டில் ஏறும். கேட் முறிந்த செய்தியை அவர் அறிவித்த நேரமும் அதில் இருந்தது. இரண்டிற்கும் இடையே நான்கு நிமிடம். அதனைச் சுட்டி, முந்தைய மறுமொழியை மொழிபெயர்த்தவர் செய்த பிழை இது என்று நம் பெயரிலேயே தனித்தாள் ஒன்றும் எழுதி இணைத்தோம். அந்தத் தாளில் கையொப்பமிடுகையில் கை நடுங்கியதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்து மாதத்திற்குப் பின் தண்டனை நீக்கப்பட்டது.

அதன்பின் நமக்கு வேறொரு பைத்தியம் பிடித்தது. எதற்கெடுத்தாலும் 'ஹேட்' சேர்க்கலானோம். "யெஸ்டர்டே ஐ ஹேட் ரிசீவ்டு யுவர் லெட்டர்" என்று எழுதினோம். பிரிவுத் தலைவர் நகைத்து, "இரண்டு செயல்கள் இருந்து, அவற்றுள் எது முந்தியது என்று காட்ட வேண்டிய இடத்தில் முந்தியதற்கே அது உரியது. நேற்று வந்தது என்பதற்கு வெறும் இறந்தகாலமே போதும்" என்றார். நேற்று, சென்ற வாரம் என்று முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் 'ஹேவ்' கூடாது என்பதும் அப்போதுதான் அறிந்தோம்.

இப்போது நாம் கைக்கொள்ளும் முறை மூன்று. முதலாவது, எழுதுமுன் செய்தியை நல்ல தமிழில் வாய்விட்டுச் சொல்லி, வினைமுற்றின் ஈற்றைக் கவனித்தல். இரண்டாவது, எழுதியபின் ஒவ்வொரு வினைக்கும் 'யார், எது?' என்று கேட்டு அதன் எழுவாயைத் தேடுதல். "தி லிஸ்ட் ஆஃப் வேகன்ஸ்" என்று தொடங்கினால் இணைத்திருப்பது பட்டியல், வேகன்கள் அல்ல. ஆகவே 'ஈஸ்' என்றே முடித்தல் வேண்டும். மூன்றாவது, நிகழ்காலத்தில் 'பாய் ரன்ஸ்', 'பாய்ஸ் ரன்' என்பதை நினைவிற் கொள்ளுதல். பெயரில் 'ஸ்' ஏறிப் பன்மையானால் வினையில் அது இறங்கிவிடும். எல்லாச் சொற்களும் இவ்விதிக்கு அடங்கா எனினும், பெரும்பாலும் கைகொடுக்கும்.

"இந்நாளில் கைப்பேசியே பிழை திருத்துமே" என்று இளைஞர் கூறலாம். 'வாஸ்' என்பதை அது 'வேர்' என்று திருத்தும், மெய்தான். ஆனால் "வென் தி லாரி கேம், ஐ க்ளோஸ்டு தி கேட்" என்பதில் அது என்ன பிழை காணும்? இலக்கணப்படி அவ்வாக்கியம் பழுதற்றது. உண்மைப்படிதான் அது பொய். எது முந்தி நடந்தது என்பதைச் சொன்னவர் அறிவார், கேட்டவர் அறியவேண்டும், கருவி அறியாது.

இங்கு வளரும் நம் குழந்தைகள் வீட்டில் பேச்சுத் தமிழோடு நின்றுவிடுகின்றனர். 'நின்றது', 'நின்றன' என்ற வேறுபாட்டையும், 'மூடினேன்', 'மூடியிருந்தேன்' என்ற வேறுபாட்டையும் சங்கத்து ஞாயிறு வகுப்பிலோ உணவு உண்ணும் வேளையிலோ சொல்லிக் கொடுப்போம். தமிழுக்குச் செய்யும் தொண்டு அது. ஆங்கிலத்திற்கும் அதுவே அடித்தளம்.

அந்தக் கேட் கீப்பர் அண்மையில் ஓய்வு பெற்றார். ஓய்வூதியத் தாள்களை நிரப்ப மறுபடியும் நம்மிடமே வந்தார். "அண்ணே, இன்னுமா என்னை நம்புகிறீர்கள்?" என்று கேட்டோம். "தப்பை உங்கள் பேரிலே எழுதிக் கொடுத்தீர்களே தம்பி, அதனால்தான் வந்தேன்" என்றார். ஒவ்வொரு வரியையும் தமிழிற் படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பின்னரே எழுதினோம்.