அப்பத்தா போட்ட ரெண்டு குத்து

தேர்தல் என்றாலே எல்லாருக்கும் எம்.எல்.ஏ., எம்.பி. தான் ஞாபகம் வரும். எனக்கு அந்த இளஞ்சிவப்புச் சீட்டு ஞாபகம் வரும்.

2019 டிசம்பர். அப்போது நான் ஒன்பதாவது. திண்டுக்கல்லில் டவுன் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். சித்தி ஊராட்சித் தலைவருக்கு நின்றார். கொள்கை எல்லாம் பெரிதாக இல்லைங்க, போர் மோட்டார்தான் காரணம்! பழைய தலைவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. தேர்தல் கோர்ட்டில் மாட்டிக்கொண்டதால் மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்தான். மோட்டார் எரிந்தால் சொல்வதற்கு ஊருக்குள் ஆளே கிடையாது. ஒரு தடவை நாற்பது நாள் தண்ணீர் வரவில்லை. டிராக்டர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினோம்.

சித்திக்குக் கிடைத்தது பூட்டு சாவி சின்னம். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே வருஷம்தான். ஜெயித்த மாதிரியே ஆடினோம் :)

கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் சீட்டு. மெஷின் இல்லை, முத்திரைதான். அப்பத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய காலண்டர் தாளில் படம் வரைந்து ஒரு வாரம் பழக்கினேன். மடிப்பது உட்பட எல்லாம் பாஸ்!

ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது அப்பத்தா சொன்னது: "ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு குத்துப் போட்டேன்டா. தண்ணி இல்லாதப்ப அவதான எனக்கு ரெண்டு கொடம் ஊத்துனா."

'அவ' என்றால் சித்தியை எதிர்த்து நின்றவர்.

2020 ஜனவரி 2 அன்று எண்ணினார்கள். சித்தி ஒன்பது ஓட்டில் தோற்றார். செல்லாதது முப்பத்தொன்று. யாரோ வேண்டுமென்றே கெடுத்தார்கள் என்று சித்தப்பா ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை. ஜெயித்தவரும் சும்மா சொல்லக்கூடாது, முதல் மாசமே மோட்டாரை மாற்றினார்.

அவர் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். எனக்கு ஓட்டர் ஐடி வந்ததும் அந்த வருஷம்தான்.

சித்தி நெட் பக்கம் வராது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். சொல்லிடாதீங்க.