கால் வீக்கம்

2014இல் நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டிருந்தபோது தலை சுற்றி விழுந்துவிட்டாள் எங்க அம்மா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்து பார்த்தால் 190க்கு 110. எத்தனை வருஷமாக அந்தப் பிரஷரோடு மண் சுமந்தாளோ, யாருக்கும் தெரியாது. ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். சில மாதத்தில், போதவில்லை என்று 10 ஆக்கினார்கள்.

அந்த மாத்திரையைப் பற்றி எனக்குத் தெரியும். நான் பார்மசி டிப்ளமோ படித்தவன். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கிற தசை சுருங்க வேண்டுமென்றால் கால்சியம் செல்லுக்குள் போக வேண்டும். அது போகிற வாசலை இந்த மருந்து அடைக்கும். தசை தளரும், குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தில் ஃப்ளெக்கன்ஸ்டைன் என்பவர் 1960களில் கண்டு சொன்ன விஷயம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கால்சியத்தத் தடுத்தா எலும்பு கரைஞ்சிடாதாடா?" என்றாள். எங்கள் வகுப்பில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. அதெல்லாம் கரைக்காது என்று நம்பவைக்க ஒரு வாரம் ஆனது.

அவள் பயந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. 1991இல் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்கு ஓடினோம். இதே வகையைச் சேர்ந்த நிஃபெடிபின் கேப்சூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் சொட்டு விட்டார்கள். பரவலாக அப்போது அதுதான் வழக்கம். அரை மணி நேரத்தில் அழுத்தம் மளமளவென்று இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். விடிவதற்குள் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. அதனால்தானா என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்படித் திடீரென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போகும், இந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள் என்று 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

10 மில்லிகிராம் போட ஆரம்பித்த இரண்டாம் மாசம் அம்மாவின் கணுக்கால் வீங்கியது. காலையில் வற்றியிருக்கும், சாயந்திரம் செருப்பு வார் பதிந்து கிடக்கும். காலனியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செய்வினை என்றார்கள், கிட்னி என்றார்கள். டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார். நடவு நட்டுவிட்டு வந்த கால், சேறு காய்ந்திருந்தது. தொடவில்லை. "எந்த ஊரு, எந்தத் தெரு" என்பதை மட்டும் விசாரித்தார். உப்பைக் குறைக்கச் சொல்லி, நீர் பிரிய ஃப்ருசமைட் எழுதினார்.

அதைக் காலையில் போட வேண்டும். அம்மா ராத்திரியில் போட்டாள். "பகல்ல போட்டா வயக்காட்டுல எங்கடா போயி ஒக்கார்றது? ஆம்பளைங்க நிக்கிறாங்க, ஊர்க்காரன் நெலம்" என்றாள். எங்கள் வீட்டில் அப்போது கக்கூஸ் கிடையாது. நடு ராத்திரியில் மூன்று தடவை நாலு தடவை எழுந்து வேலிகாத்தான் புதருக்குப் போனாள். ஒரு நாள் எழுந்த வேகத்தில் தலை கிறுகிறுத்து விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. கால் வீக்கம் அப்படியே இருந்தது.

கட்டுப் போடப் போன அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா, கேட்காமலே குனிந்து கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினார். குழி விழுந்து நின்றது. "ஆம்லோ பத்தா போடுறீங்க?" என்றார்.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இந்த மருந்து சிறு தமனிகளை விரிக்கிற அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் காலில் கசிகிறது. அளவு கூடினால் வீக்கமும் கூடும், பெண்களுக்கு அதிகம் வரும். உடம்பில் நீர் மிஞ்சி வருகிற வீக்கம் இல்லை, ஆகவே நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். வீட்டில் அம்மாவின் காலை நானும்தான் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த டாக்டரைத் திட்டும்போதெல்லாம் இது வந்து நிற்கிறது.

ஆம்லோடிபினை 5 ஆகக் குறைத்து, எனலாப்ரில் சேர்த்தார்கள். நீர் மாத்திரையை நிறுத்தினார்கள். மூன்று வாரத்தில் கால் வற்றியது, பிரஷரும் அடங்கியது. எனலாப்ரில் வகை மருந்து கூடச் சேர்ந்தால் அந்த வீக்கமே குறையும் என்பதும் புத்தகத்தில் இருப்பதுதான்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்தது. எங்கள் பகுதிக்குக் கொண்டுவந்த பெண் எங்கள் காலனிக்காரி. ஊர்த்தெருவில் சில வீடுகளில் மாத்திரையைக் கையில் வாங்கமாட்டார்கள், திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள் என்று அவளே சொன்னாள். அதே மாத்திரைதான், அதே அட்டைதான்.

அம்மா இப்போது தெருவில் யார் கால் வீங்கினாலும் விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறாள். போன வருஷம் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்குப் பார்த்துவிட்டு, "மாத்திரை வீக்கந்தான், பயப்படாதடி" என்று சொல்லிவிட்டாள். சின்னம்மாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. எனக்குச் சந்தேகம். கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். இது வேறு டாக்டர், சின்ன வயசு. இவரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே எழுத ஆரம்பித்தார்.

"சார், காலைத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். காலை அழுத்தினார், கழுத்து நரம்பைப் பார்த்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரலைக் கேட்டார். மாத்திரை இல்லை, இதயம்தான். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.