தோளின் பாடு

தோள் கொடுத்தான் என்கிறோம். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்கிறோம். இத்தனை பெருமை பெற்ற தோளின் அமைப்பைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இடுப்பு மூட்டு ஆழமான குழியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. தோள் மூட்டோ, சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. சுற்றியுள்ள தசைகள்தாம் அது உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எழுபத்திரண்டு வயதான என் அத்தைக்கு வலது தோள் மூட்டு அடியோடு தேய்ந்துவிட்டது. உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமாகப் புது மூட்டு வைத்தார்கள். இது நேற்று முளைத்த வித்தையல்ல. 1893-லேயே பாரிஸில் பியான் என்ற ரண சிகிச்சை நிபுணர், காசநோய் அரித்த ஒரு தோளில் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட மூட்டைப் பொருத்தினார். பிற்பாடு அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. 1950-களில் நியூயார்க்கில் சார்லஸ் நீர் செய்த மூட்டிலிருந்துதான் இன்றைய மூட்டுகளின் வம்சாவளி ஆரம்பமாகிறது.

கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகுதான் மனிதர் பாடு. மூட்டை வைப்பதற்காக முன்பக்கத்துத் தசை ஒன்றைப் பிரித்து மறுபடியும் தைக்கிறார்கள். அது கூடும்வரை, ஏறக்குறைய ஆறு வாரம், கை துணித் தூளியில் கிடக்க வேண்டும். அதை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. காப்பித் தம்ளருக்கு மேல் கனம் தூக்கக் கூடாது.

அத்தை இருபத்தெட்டு வயதில் தனியானவள். அன்றுமுதல் யார் கையையும் எதிர்பாராமல் வாழ்ந்தவள். அவளுக்கு என் மனைவி தினமும் தலை வாரிவிட்டாள். அந்த நேரத்தில் அத்தை ஒரு வார்த்தை பேசமாட்டாள், சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். முதலில், குனிந்து கையைத் தொங்கவிட்டுக் கடிகாரப் பெண்டுலம்போல் ஆட்டுவது. அப்புறம் கதவின் மேல் ஒரு கப்பி. நல்ல கை கயிற்றை இழுக்க, மற்றக் கை மேலே போகும்.

"கிணத்துலே இறைச்ச காலம் திரும்பி வந்துடுத்து" என்றாள் அத்தை.

ஆறு வாரம் கழிந்ததும், விரல்களால் சுவரில் ஏறுவது. எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுவேன். ஒரு வாரம் முழுதும் கோடு உயரவே இல்லை.

"சுவர்தான் வளர்றதோ என்னவோடா!" என்றாள். சிரித்தாள், ஆனால் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் மாதம் ஒரு நாள் காலை, என் மனைவி சீப்புடன் போனபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. அரை மணி கழித்து அத்தை வெளியே வந்தாள். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. என் மனைவி நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம்வரை தேறிண்டே இருக்குமாம்" என்றாள் அத்தை. "அதுக்குள்ளே நேரா வந்துடும்."