கெடு

பாலக்காட்டிலிருந்து கோவைக்கு இரயிலில் வரும்போதெல்லாம், வாளையாறு கடந்ததும் என் கண் காட்டுப்பக்கம் போய்விடும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் அடிபட்டு மாண்ட தடம் இது. 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் தமிழ்நாடு வனத்துறை 12 கோபுரங்களில் வெப்ப உணர் கேமராக்களை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கை போகும்.

மொழியியல் படித்த என்னை இதில் ஈர்ப்பது ஒரு சொல். 'நிகழ்நேர மென்பொருள்' என்கிறோம். கேட்பவர் 'விரைவானது' என்றே பொருள் கொள்கிறார். உண்மையில் அது கெடு தவறாத மென்பொருள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. அத்தகைய கருவியொன்று 1000 முறை உடனுக்குடன் எச்சரித்து, ஒரேயொரு முறை, படத்தைச் சேமிக்கும் பணி முடியட்டும் என்று காத்திருந்து 6 நொடி பிந்தினால் 100 மீட்டர் போயிற்று. சராசரியோ அப்போதும் அழகாகவே இருக்கும். ஆகவே இங்கே மேம்படுத்துதல் என்பது சராசரியைக் குறைப்பதன்று; மிக மோசமான அந்த ஒரு தாமதத்துக்கு வரம்பு கட்டுவது, சில்லறைப் பணிகள் எச்சரிக்கையை மறிக்காமல் முன்னுரிமை வகுப்பது.

பெயராகத் தவணை, வினையாகப் பாழாதல்: இரண்டையும் சுமக்கும் 'கெடு'வையே கலைச்சொல்லாக்கலாம் என்பது என் கட்சி. 'காலவரம்பு' போதும் என்கிறார் நெறியாளர்.