வாடகைக்கு வீடு பாக்கப் போறீங்களா? மொதல்ல பாத்ரூமைப் பாருங்க

வீடு தேடிட்டு இருக்கவங்களுக்காக இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

போன மாசம் எடமலைப்பட்டி புதூர்ல வீடு பார்த்துட்டு இருந்தேன். பாதி ஓனர்கள் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டைக் காட்டித்தான் வாடகையே சொல்றாங்க. அது தனிக்கதை.

ஒரு வீடு ரெண்டாவது மாடி, டபுள் பெட்ரூம், நல்ல காத்து. அம்மாவுக்கும் பிடிச்சுப்போச்சு. அட்வான்ஸ் பேசுறப்பதான் பாத்ரூமைத் திறந்தேன். உள்ளேயே கேஸ் கீசர். கொசு வருதுன்னு வென்டிலேட்டரை ஃப்ளெக்ஸ் வச்சு அடைச்சிருந்தாங்க. "வேணாம்மா, போலாம்"னு சொல்லிட்டேன்.

காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு நைட் ட்யூட்டி. குளிக்கப் போன இளைஞர் ரொம்ப நேரமா வெளிய வரலைன்னு கதவை உடைச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. வலிப்புன்னு சொன்னாங்க. விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டினா 98. அந்த நம்பரை நம்பியிருந்தா கோட்டை விட்டிருப்போம். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கிட்டா, சாதாரண ஆக்ஸிமீட்டர் அதையும் ஆக்ஸிஜன்னே காட்டும். "புது வீடு சார், பாத்ரூம்ல கேஸ் கீசர்"னு கூட வந்த தம்பி சொன்னதுலதான் எங்களுக்குப் பொறி தட்டுச்சு. உடனே மாஸ்க் வச்சு 100% ஆக்ஸிஜன். பிழைச்சுக்கிட்டார்.

அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அப்புறம் மயக்கம். ஏதோ தப்புன்னு புரியறதுக்குள்ள எழுந்து கதவைத் திறக்கத் தெம்பிருக்காது. கேஸ் கீசர்னா வெளிச்சுவத்துல இருக்கணும், பைப் மட்டும்தான் உள்ள வரணும்.

எலெக்ட்ரிக் கீசரா? மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க. டெஸ்ட் பட்டனை ஓனர் முன்னாடியே அழுத்துங்க. டப்புனு கரண்ட் கட்டாகணும். ஆகலைன்னா அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கு.

மொட்டை மாடிக்கும் ஏறிப் பாருங்க. டேங்குக்கு மூடி இல்லைன்னா டெங்குவுக்கு நீங்களே வாசல் திறந்து வைக்கிறீங்க. ஏடிஸ் முட்டை போடுறது நல்ல தண்ணியிலதான், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாகிடும்.

வயசானவங்க இருந்தா படிக்கட்டுத் திருப்பத்துல நின்னு, இங்க ஸ்ட்ரெச்சர் திரும்புமான்னு யோசிங்க. தெருவுக்குள்ள 108 வருமான்னும் பாருங்க.

கோரையாத்துப் பக்கம் வீடுன்னா ஓனர்கிட்ட கேக்காதீங்க. டீக்கடைல கேளுங்க, 2005 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு.

அப்புறம், அக்ரிமென்ட் இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகைச் சட்டம் 2019ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுப்படி தனியா ஒப்பந்தம் போட்டுக்காத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக்கூடாது. சண்டை வந்தாலும் தண்ணி, கரண்டை ஓனர் நிறுத்தக்கூடாது.

நாங்க கடைசியா ஒரு கீழ்வீட்டுக்கு வந்துட்டோம். கிச்சன் சின்னதுன்னு அம்மா இன்னும் திட்டுறாங்க.

போன வாரம் அந்தப் பழைய தெரு வழியா போனேன். டு-லெட் போர்டு இல்ல, மாடியில குழந்தைத் துணி காயுது. மனசு கேக்கல. ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முன்னாடியே ஃப்ளெக்ஸைக் கிழிச்சுட்டார், கொசுவலை அடிச்சுக்கிறோம்னார். கீசரை மாத்தித்தரச் சொல்லி ஓனர்கிட்ட கேட்டிருக்காங்க. இன்னும் பதில் வரலையாம்.