மயில் இல்லாத கசவு

ஓணத்துக்கு முந்தைய வாரம். ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு துணிகள் விரிந்து கிடந்தன. ஒன்று, சென்னையில் படிக்கும் பேத்தி இணையத்தில் வாங்கிய 'கேரளா சேலை'. பொன்னிறக் கரைக்கு மேல் மயிலும் கதகளி முகமும் அச்சடித்தது. மற்றது, பாட்டியின் மரப்பெட்டியிலிருந்து வெளிவந்த பாலராமபுரம் முண்டும் நேரியதும். கசவுக் கரை தவிர வேறொன்றும் இல்லை.

"இதுல மயில் இல்லியே பாட்டி?"

"மயில் எதுக்கு மக்ளே? திருப்பிப் போடு. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கா பாரு."

இருந்தது. மயில் சேலையின் மறுபக்கம் வெளிறிப்போயிருந்தது.

நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே இருக்கும் பாலராமபுரத்தின் பெயர், 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயர். அரண்மனைக்கு நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். குழித்தறி, கையால் எறியும் நாடா, தெருவில் நீளமாக விரித்துக் கஞ்சி போடும் பாவு, சாயம் ஏறாத மெல்லிய பருத்தி நூல், வெள்ளி இழைக்குப் பொன்முலாம் பூசிய சரிகை. அரச குடும்பத்தின் ஆடம்பரம் இவ்வளவுதான்.

அந்த ஆடம்பரத்துக்குப் புதுமுகம் தேவைப்பட்டது உண்மை. முண்டும் நேரியதும் உடுத்தத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். சேலையாக, சுரிதார் துணியாக மாறியபோதுதான் கசவு கேரளத்தைத் தாண்டியது. இன்று ஓணம் வந்தால் பெங்களூர், மும்பை அலுவலகங்களிலும் பொன்கரை மின்னுகிறது.

லாபம் அது. நஷ்டமும் அதிலேயே இருக்கிறது. வெள்ளைத் துணி, பொன்னிறக் கரை என்ற தோற்றம் மட்டுமே அடையாளமாகிவிட்டால், அதை யாரும் செய்யலாம். விசைத்தறி செய்தது. அதில் பெரும்பங்கு தமிழகத்திலிருந்து போகிறது. தறியைக் கொண்டுபோனவர்களும் இங்கிருந்து போனவர்கள், போட்டியும் இங்கிருந்தே. 2009-10இல் பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். மலிவு விலையில் மயங்கும் கண்ணை அது காக்க முடியாது.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே சங்கடம்தான். 1856இல் தொடங்கிய லண்டன் ஆடை நிறுவனமான பர்பெரி, 2018இல் தன் பழைய எழுத்தையும் குதிரை வீரன் சின்னத்தையும் ஒதுக்கிவிட்டு, நாலு பேரைப்போல மொட்டை எழுத்துக்கு மாறியது. 2023இல் வீரன் குதிரையோடு திரும்பி வந்தான். டாட்டாவிடம் 2008 முதல் இருக்கும் ஜாகுவார், 2024 நவம்பரில் காரே இல்லாத விளம்பரத்தோடு புதுச் சின்னம் காட்டியபோது உலகமே கேலி செய்தது.

அவர்களால் சின்னத்தைத் திரும்ப வரைந்துகொள்ள முடியும். குழித்தறியில் இறங்க ஆளில்லாமல் போனால், அந்தக் கையைத் திரும்ப வரைய முடியாது. கேரள அரசு 2017இல் தொடங்கிய பள்ளிச் சீருடைத் திட்டம் நெசவாளிகளுக்கு வேலை தந்தது. ஆனால் சீருடைத் துணியில் கசவு நெய்யப் பழக முடியாது.

ஆக, எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? திருவோணத்தன்று பேத்தி பெட்டியிலிருந்த நேரியதைத்தான் எடுத்தாள். தன் இஷ்டத்துக்கு மடித்து, கறுப்புச் சட்டைமேல் போட்டுக்கொண்டாள். வீட்டில் சிலர் முகம் சுளித்தார்கள். பாட்டி சுளிக்கவில்லை.

"எப்பிடி வேணும்னாலும் உடுத்து மக்ளே. வாங்கும்போ மட்டும் திருப்பிப் பாத்து வாங்கு."